பழைய பிஎஸ்பி இன்றும் வாங்கலாமா? நிறை, குறை, சோதிக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

சோனியின் கையடக்க வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் போர்ட்டபிள், சுருக்கமாக பிஎஸ்பி, 2004 டிசம்பர் 12 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வட அமெரிக்காவுக்கு 2005 மார்ச்சிலும் ஐரோப்பாவுக்கு அதே ஆண்டு செப்டம்பரிலும் போய்ச் சேர்ந்தது. 2014-இல் நிறுத்தப்படும்வரை ஏறக்குறைய 8 கோடி கருவிகள் விற்றன. இன்று நம் கைக்கு வருவது அநேகமாக யாரோ ஒருவர் ஆடித் தேய்த்த கருவியாகத்தான் இருக்கும். அதனால் "பிஎஸ்பி நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

நான் குறைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். ஒன்று, பிறவியிலேயே வந்த குறை. மற்றது, வயதால் வந்த குறை. பிறவிக் குறையோடு நாம் ஒத்துப்போயாக வேண்டும். வயதால் வந்ததைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். ஆனால் பலர் பேட்டரி செத்துப்போன நல்ல கருவியை ஒதுக்கிவிட்டு, பளபளப்பாக இருக்கிறதே என்று டிஸ்க் டிரைவ் போகப்போகும் கருவியை வாங்கி வருகிறார்கள். அந்தத் தவறு நடக்காமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. வாங்குவதற்கு முன் ஒருமுறை வரிசையாகப் படித்துவிடுங்கள். கருவி கையில் வந்தபிறகு படி 4-லிருந்து மறுபடியும் பாருங்கள்.

படி 1: அதன் பலம் உங்களுக்கு வேண்டிய பலம்தானா?

முதலில் திரை. 4.3 அங்குலம், 480×272 புள்ளிகள், 16:9 அகலம். இன்றைய ஃபோன் திரையோடு ஒப்பிட்டால் சாதாரணமாகத் தெரியும். ஆனால் அதே 2004-இல் வந்த போட்டிக் கருவியான நின்டென்டோ டிஎஸ்ஸின் இரண்டு திரைகளும் ஆளுக்கு 256×192 புள்ளிகள்தான். முக்கியமான விஷயம் வேறு. பிஎஸ்பி கேம்கள் எல்லாம் இந்தத் திரைக்காகவே வரையப்பட்டவை. எழுத்தின் அளவு, ஓரத்தில் நிற்கும் மீட்டர், பாத்திரம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதுவரை எல்லாமே இந்த அகலத்துக்குப் பொருந்தும். அதே கேமைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

அடுத்தது, நான் மிகவும் மதிக்கும் வசதி: ஸ்லீப். ஆட்டத்தின் நடுவில் பவர் சுவிட்சை ஒருமுறை மேலே தள்ளிவிட்டால் போதும், கருவி அப்படியே உறைந்து நிற்கும். மறுபடி தள்ளினால் சில நொடிகளில் விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். சேவ் செய்யும் இடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் கிடைத்தால் பத்து நிமிடம் ஆடலாம். எழுபது எண்பது மணி நேரம் இழுக்கும் ரோல் பிளேயிங் கேம்களை நான் முடித்ததெல்லாம் இந்த ஒரு சுவிட்சின் தயவில்தான். ஒரே எச்சரிக்கை: ஸ்லீப்பில் இருக்கும்போதும் பேட்டரி மெதுவாக இறங்கும். முழுவதும் தீர்ந்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ உறைந்திருந்த ஆட்டம் போய்விடும். இரவு வைத்துவிட்டு மறுநாள் எடுப்பதற்கு ஸ்லீப் போதும். வாரக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் சேவ் செய்துவிட்டு, சுவிட்சை மேலே பிடித்தபடி சில நொடி வைத்திருந்து முழுதாக அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஆட் ஹாக் இணைப்பு. இரண்டு பிஎஸ்பிகள் நடுவில் ரூட்டரோ இன்டர்நெட்டோ இல்லாமல் நேரடியாகப் பேசிக்கொள்ளும். கேமைப் பொறுத்து 16 பேர்வரை சேரலாம். இன்டர்நெட் வழியாக ஆடிய கேம்களின் சர்வர்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன, ஆட் ஹாக் மட்டும் இன்றும் அன்றுபோலவே வேலை செய்கிறது. நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து மான்ஸ்டர் ஹன்டர் ஆடுவதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவையில்லை. சில கேம்களில் கேம் ஷேரிங் என்ற வசதியும் உண்டு. ஒருவரிடம் டிஸ்க் இருந்தால் போதும், மற்றவர் கருவிக்கு ஆட்டத்தின் ஒரு பகுதியை அனுப்பி ஆட வைக்கலாம்.

கேம்களுக்கு மண்டலப் பூட்டு கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜப்பானில் வாங்கிய டிஸ்க் ஐரோப்பியக் கருவியில் ஓடும். யுஎம்டி என்ற பிஎஸ்பி டிஸ்க்கில் வந்த திரைப்படங்களுக்கு மட்டும் பூட்டு உண்டு.

படி 2: பிறவிக் குறைகளைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்

இங்கே சொல்பவை எந்த மாடலை வாங்கினாலும் பெரும்பாலும் போகாதவை. சகித்துக்கொள்ள முடியாது என்று தோன்றினால் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

பெரிய குறை, எல்லாத் திசையிலும் தள்ளக்கூடிய அனலாக் குமிழ் ஒன்றே ஒன்றுதான் இருப்பது. அதுவும் இடதுபக்கம் திசைப் பட்டனுக்குக் கீழே, கட்டைவிரலை மடக்கித் தொடும் இடத்தில் இருக்கிறது. வலதுபக்கம் குமிழே இல்லாததால் முப்பரிமாண கேம்களில் கேமராவைத் திருப்புவதற்கு ஒவ்வொரு கேமும் ஒவ்வொரு வழி கண்டுபிடித்தது. சிலவற்றில் மேல் மூலையில் இருக்கும் எல் பட்டனை அழுத்தினால் கேமரா பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். சிலவற்றில் முக்கோணம், சதுரம், வட்டம், எக்ஸ் என்ற நான்கு பட்டன்களும் கேமராவாக மாறிவிடும். மான்ஸ்டர் ஹன்டர் ஆடியவர்களோ கட்டைவிரலைக் குமிழில் வைத்தபடி ஆட்காட்டி விரலை வளைத்துத் திசைப் பட்டனில் வைத்துக் கேமராவைத் திருப்பக் கற்றுக்கொண்டார்கள். பழகிவிட்டால் முடியும், ஆனால் ஒரு மணி நேரத்தில் விரல் வலிக்கும். துப்பாக்கிச் சூட்டு ஆட்டங்கள்தான் உங்களுக்கு உயிர் என்றால் பிஎஸ்பி உங்களுக்கான கருவி இல்லை. ஓட்டப் பந்தயம், புதிர், தாளம், வியூகம், ரோல் பிளேயிங் என்றால் இந்தக் குறை உங்களை அண்டவே அண்டாது.

அடுத்தது யுஎம்டி. 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிஸ்க் ஒன்றை பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்தது மாதிரி இருக்கும். இரண்டு அடுக்கில் 1.8 ஜிபி பிடிக்கும். கையடக்கக் கருவிக்கு அந்தக் காலத்தில் இது பிரம்மாண்டமான இடம். முழு நீளக் காட்சிகள், பேச்சு, இசை எல்லாம் வந்ததற்குக் காரணமே இதுதான். ஆனால் சுழலும் டிஸ்க் என்பதால் லோடிங் மெதுவாக இருக்கும், சத்தம் வரும், பேட்டரி கரையும். சில கேம்களில் டேட்டா இன்ஸ்டால் என்ற தேர்வு உண்டு. அதைச் செய்தால் ஒரு பகுதித் தரவு மெமரி ஸ்டிக் என்ற மெமரி கார்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். மான்ஸ்டர் ஹன்டர் ஃப்ரீடம் யுனைட்டில் இதைச் செய்வதற்கு முன்னும் பின்னும் ஆடிப் பாருங்கள், வேறு கருவி மாதிரி இருக்கும். கேம் மெனுவில் அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் யோசிக்காமல் செய்துவிடுங்கள்.

வைஃபையும் பழையது. 802.11பி வகை, டபிள்யூபிஏ2 பாதுகாப்பைப் புரிந்துகொள்ளாது. இன்றைய ரூட்டர்கள் பலவற்றோடு அது சேராது. அதற்காக ரூட்டரின் பாதுகாப்பைக் குறைப்பது வேண்டாத வேலை. உள்ளே இருக்கும் பிரவுசரைத் திறந்தாலும் இன்றைய தளங்கள் ஓடாது. ஆகவே பிஎஸ்பியை இன்டர்நெட் இல்லாத கருவி என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கருவியிலிருந்தே கேம் வாங்கும் வசதியும் 2021 ஜூலையில் நிறுத்தப்பட்டது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இதன் பிராசஸர் 333 மெகாஹெர்ட்ஸ்வரை போகக்கூடியது. தொடக்கத்தில் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக கேம்களுக்கு 222 மெகாஹெர்ட்ஸ்தான் அனுமதி. 2007-இல் வந்த 3.50 சிஸ்டம் மென்பொருள் அந்தக் கட்டை அவிழ்த்தது. அதனால் பிற்கால கேம்கள் முற்காலத்தவற்றைவிடக் கண்ணுக்கு நிறைவாக இருக்கும், பேட்டரியும் கொஞ்சம் சீக்கிரம் இறங்கும்.

படி 3: மாடலைத் தேர்ந்தெடுங்கள்

கருவியின் பின்புறத்திலோ பேட்டரி அறைக்குள்ளோ பிஎஸ்பி என்று தொடங்கி நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இலக்கம் மாடல், கடைசி இலக்கம் எந்த மண்டலத்தில் விற்றது என்பதற்கான குறி. ஜப்பானியக் கருவி என்றால் ஒரு வித்தியாசத்தை நினைவில் வையுங்கள்: மெனுவில் வட்டம் 'சரி', எக்ஸ் 'வேண்டாம்'. வட அமெரிக்க, ஐரோப்பியக் கருவிகளில் இது தலைகீழ்.

1000 மாடல் கனமானது, 280 கிராம். பிடித்தால் கையை நிறைக்கும். பேட்டரி 1800 மில்லிஆம்பியர் மணி. ஆனால் திரையில் நகரும் பொருள்களின் பின்னால் நிழல் இழுபடும். இருட்டான பின்னணியில் வேகமாக ஓடும் கேம்களில் இது பளிச்சென்று தெரியும். நினைவகம் 32 எம்பி. யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறாது. திசைப் பட்டனில் மூலைவிட்டமாக அழுத்துவதும் சற்றுச் சிரமம், சண்டை கேம் ஆடுபவர்கள் உடனே உணர்வார்கள்.

2007-இல் வந்த 2000 மாடல் 189 கிராம்தான். நினைவகம் 64 எம்பி ஆனது. கூடுதல் இடத்தை யுஎம்டி தரவை முன்கூட்டியே எடுத்துவைக்கப் பயன்படுத்தியதால் சில கேம்களில் லோடிங் குறைந்தது. ஸ்பீக்கர்கள் முன்பக்கத்துக்கு வந்தன. யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் செய்யலாம், டிவியிலும் இணைக்கலாம். ஆனால் கேம்களை டிவியில் பார்ப்பதற்கு காம்போனென்ட் கேபிளும் புரொக்ரெசிவ் வசதியுள்ள டிவியும் வேண்டும். பேட்டரி 1200 மில்லிஆம்பியர் மணியாகக் குறைந்தது, மின்செலவும் சேர்ந்து குறைந்ததால் ஆடும் நேரத்தில் பெரிய இழப்பில்லை.

2008-இல் வந்தது 3000. திரையின் நிறம் செழிப்பானது, வெளிச்சத்தில் கண் கூசுவது குறைந்தது, நிழல் இழுபடுவது அநேகமாக மறைந்தது. மைக் உள்ளேயே வந்தது. சாதாரண மூன்று வண்ண முனை கேபிளிலேயே கேம்களை டிவியில் போடலாம். டிவியில் படம் நான்குபக்கமும் கறுப்புச் சட்டத்தோடு நடுவில் சிறிதாகத்தான் வரும் என்பதை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இதன் குறை, படம் வேகமாக நகரும்போது மெல்லிய படுக்கைக் கோடுகள் தெரிவது. சிலர் கண்ணில் அது படவே படாது, சிலருக்குப் பார்த்த நிமிடத்திலிருந்து உறுத்தும். நேரில் பார்த்து வாங்க முடிந்தால் பாருங்கள்.

2009-இன் பிஎஸ்பி கோ பார்க்க அழகு. திரை 3.8 அங்குலம், மேலே தள்ளினால் பட்டன்கள் வெளியே வரும், உள்ளேயே 16 ஜிபி இடம், ப்ளூடூத்தும் உண்டு. ஆனால் யுஎம்டி டிரைவ் கிடையாது. கேம்களை டவுன்லோட் செய்துதான் ஆட வேண்டும், அந்தக் கடைக் கதவுதான் கருவியில் மூடப்பட்டுவிட்டது. மெமரி கார்டும் வேறு வகை, எம்2 என்ற சிறியது. பேட்டரி உள்ளே பூட்டப்பட்டிருக்கும். இதைச் சேகரிப்பவர்களுக்கு விட்டுவிடலாம்.

2011-இல் அறிவிக்கப்பட்ட இ1000, ஸ்ட்ரீட் என்று பெயர். வைஃபை இல்லை. அப்படியென்றால் ஆட் ஹாக்கும் இல்லை. ஸ்பீக்கரும் ஒன்றுதான். தனியாக மட்டும் ஆடுபவருக்குக் குறைந்த விலையில் கிடைத்தால் பரவாயில்லை, அவ்வளவுதான்.

முதல்முறை வாங்குபவருக்கு நான் 3000 என்றுதான் சொல்வேன். அந்தக் கோடுகள் உறுத்தினால் 2000. எனக்கு நெருக்கமானது என்னவோ 1000 தான். அந்தக் கனமும், யுஎம்டி மூடி 'டக்' என்று ஸ்பிரிங்கில் திறக்கும் விதமும் பின்வந்த எதிலும் இல்லை. ஆனால் மற்றவருக்கு யோசனை சொல்லும்போது என் பிரியத்தை உள்ளே கொண்டுவரக் கூடாது.

படி 4: முதலில் பேட்டரி அறையைத் திறங்கள்

கருவியை ஆன் செய்வதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். பின்மூடி தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா? சற்றே எழும்பி நின்றால் பேட்டரி வீங்கியிருக்கிறது. மூடியைக் கழற்றி பேட்டரியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து விரலால் சுண்டுங்கள். தட்டையானது அசையாது, வீங்கியது பம்பரம் மாதிரி சுற்றும்.

வீங்கிய பேட்டரியை அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், "ஒரு தடவை மட்டும் சார்ஜ் போட்டுப் பார்க்கலாம்" என்று நினைக்காதீர்கள். லித்தியம் அயான் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. சாதாரணக் குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீங்கி வெளியே எடுக்க முடியாமல் இறுகியிருந்தால் நெம்பாதீர்கள், அந்தக் கருவியையே விட்டுவிடுவது நல்லது.

சரி, பேட்டரி கெட்டிருந்தால் கருவி வேண்டாமா? அப்படியில்லை. 1000, 2000, 3000 மூன்றிலும் பேட்டரியைக் கழற்றி மாற்றுவது கைக்கடிகாரப் பட்டையை மாற்றுவதைவிட எளிது. இதைத்தான் வயதால் வந்த குறை என்றேன். பேட்டரி இல்லாமலே சார்ஜரைச் செருகினால் கருவி ஓடும், ஆகவே மற்றச் சோதனைகளை அப்படியே செய்து பார்த்துவிடலாம். வயர் லேசாக அசைந்தாலே அணைந்துவிடும் என்பதால் சோதிக்கும்போது மட்டும் இப்படி ஓட்டுங்கள்.

மாற்று பேட்டரி வாங்கும்போது அதன்மேல் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். 3600 என்று எழுதியிருந்த பேட்டரி ஒன்றை நானே ஆசைப்பட்டு வாங்கினேன். இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மூன்று மாதத்தில் மூடி எழும்பிவிட்டது. 2000, 3000 மாடல்களில் மெல்லிய மூடிக்குள் அடங்கும் பேட்டரி 1200 அளவுக்குத்தான் உண்மையில் இருக்க முடியும். சோனியே 2200 மில்லிஆம்பியர் மணிப் பெரிய பேட்டரியைக் கொடுத்தபோது அதற்குத் தடித்த மூடியையும் சேர்த்துத்தான் கொடுத்தது. இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்தால் ஏமாற மாட்டீர்கள். 1000 மாடலின் தடித்த பேட்டரி 2000, 3000 மாடல்களின் மெல்லிய மூடிக்குள் அடங்காது என்பதையும் கவனியுங்கள்.

சார்ஜர் 5 வோல்ட். அசல் இல்லையென்றால் அதே வோல்ட் அளவும் 4.0×1.7 மில்லிமீட்டர் முனையும் உள்ளதைத் தேடுங்கள். முனை பொருந்துகிறதே என்று வேறு வோல்ட் சார்ஜரைச் செருகிவிடாதீர்கள்.

பேட்டரியைப் போட்டு ஆன் செய்தபின், சிஸ்டம் செட்டிங்ஸில் பேட்டரி தகவலைத் திறந்தால் மீதி எவ்வளவு என்று காட்டும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். நல்ல பேட்டரி கேம் ஆடுகையில் நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்க வேண்டும். அரை மணியில் கால்வாசி போனால் ஆயுள் முடிகிறது என்று பொருள்.

படி 5: திரையைச் சோதியுங்கள்

திரை போனால் மாற்றலாம்தான், ஆனால் கருவியைப் பிரிக்க வேண்டும், தரமான திரை கிடைப்பதும் சுலபமில்லை. எனவே இங்கே கறாராக இருங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஐந்து படங்களை 480×272 அளவில் செய்து மெமரி ஸ்டிக்கில் போட்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொன்றையும் முழுத்திரையில் பாருங்கள். கறுப்பில் ஒளிரும் புள்ளியும் வெள்ளையில் இருண்ட புள்ளியும் இருந்தால் தெரியும். வெள்ளைப் படத்தில் ஓரத்தில் மங்கலான கறை இருந்தால் யாரோ திரையை அழுத்தியிருக்கிறார்கள் அல்லது ஈரம் போயிருக்கிறது. மேலிருக்கும் பிளாஸ்டிக் கீறலுக்கு வருந்த வேண்டாம், முன்முகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

திரைக்குக் கீழே இருக்கும் பிரகாசப் பட்டனை அழுத்தி எல்லா நிலைகளையும் பாருங்கள். 1000 மாடலில் உச்ச நிலை சார்ஜர் செருகியிருந்தால்தான் வரும், அது பழுதில்லை.

படி 6: பட்டன்களும் குமிழும்

ஒரு கேமைப் போட்டு குமிழை மெதுவாகத் தள்ளி, பட்டென்று விடுங்கள். பாத்திரம் உடனே நிற்க வேண்டும். தானாக ஒருபக்கம் நடந்தால் குமிழ் விலகுகிறது. பின்னர் மிக லேசாகத் தள்ளி எட்டுத் திசையிலும் மெதுநடை வருகிறதா என்று பாருங்கள். இதில் குறை கண்டால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். குமிழ்ப் பகுதி தனியாகக் கிடைக்கும், சில ஸ்க்ரூக்களைக் கழற்றினால் எட்டிவிடலாம். பல சமயம் தொடர்புப் புள்ளிகளில் படிந்த அழுக்கைத் துடைத்தாலே சரியாகிவிடும்.

எல், ஆர் பட்டன்கள் இரண்டையும் மாற்றி மாற்றி, ஓரத்திலும் நடுவிலும் அழுத்திப் பாருங்கள். கீழே விழுந்த கருவியில் முதலில் அடிபடுவது இந்த மூலைகள்தான். சதுரப் பட்டனுக்கும் கொஞ்சம் கூடுதல் கவனம் கொடுங்கள். ஜப்பானில் வந்த முதல் தொகுதிக் கருவிகளில் அது சரியாக அழுந்தவில்லை என்று புகார் எழுந்தது.

படி 7: டிஸ்க் டிரைவ்: அவசரப்படாத சோதனை

கருவியை வாங்கப்போகிறவர் பெரும்பாலும் டிஸ்க்கைப் போட்டு கேமின் பெயர்ப் படம் வந்ததும் "ஓடுது" என்று எடுத்துவிடுகிறார். அது போதாது. குறைந்தது இருபது நிமிடம் ஆடுங்கள். நடுவில் நீண்ட காட்சி ஒன்று ஓட வேண்டும், ஒரு இடத்திலிருந்து மற்றொரு இடத்துக்குப் போய் லோடிங் வர வேண்டும். லென்ஸ் களைத்துப்போன டிரைவ் தொடக்கத்தைப் படித்துவிடும், டிஸ்க்கின் வேறு பகுதிக்குப் போகும்போதுதான் திணறும்.

பிறகு ஸ்லீப்பில் போட்டு ஐந்து நிமிடம் கழித்து எழுப்புங்கள். டிஸ்க் மறுபடி சுழன்று ஆட்டம் தொடர வேண்டும். இங்கேதான் பல கருவிகள் மாட்டும்.

காதருகே வைத்துக் கேட்பதும் உதவும். மெல்லிய விர்ரென்ற ஓசையும் அவ்வப்போது டக்டக் என்ற சத்தமும் இயல்பு. கரகரவென்று அரைக்கும் சத்தம் தொடர்ந்து வந்தால் ஒதுங்குங்கள்.

படிக்கவில்லை என்றவுடன் டிரைவைப் பழிக்கவும் வேண்டாம். முதலில் வேறொரு டிஸ்க்கைப் போடுங்கள். யுஎம்டியின் பிளாஸ்டிக் கூடு இரண்டு பாதியாக ஒட்டப்பட்டது, பழையவற்றில் ஒட்டு விட்டு லேசாகப் பிரிந்திருக்கும். அப்படிப் பிரிந்த டிஸ்க் நல்ல டிரைவிலும் உரசும். இரண்டு டிஸ்க்கும் ஓடவில்லை என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் லென்ஸை ஒற்றியெடுத்து, காய்ந்ததும் மறுபடி முயலுங்கள். அழுத்தித் தேய்க்கக் கூடாது, லென்ஸ் ஸ்பிரிங்கில் மிதக்கும் பொருள்.

டிரைவே போன கருவியை வாங்கி, அதிகாரபூர்வமற்ற சிஸ்டம் மென்பொருளைப் போட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்தே கேம்களை ஓட்டுகிறவர்கள் உண்டு. லோடிங் வேகமாகும், பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும் என்பது உண்மை. தவறாகச் செய்தால் கருவி எழும்பாமல் போய்விடும் என்பதும் உண்மை. உங்களிடம் டிஸ்க் இல்லாத கேமை நகலெடுத்து ஆடுவது திருட்டு. எனக்கு டிஸ்க்கைச் செருகி ஆடுவதில்தான் நிறைவு, அதனால் அந்த வழிக்குள் இங்கே போகவில்லை.

படி 8: மெமரி ஸ்டிக்

யுஎம்டியில் எதையும் எழுத முடியாது. சேவ் எல்லாம் மெமரி ஸ்டிக்கில்தான். கார்டு இல்லாத கருவி வந்தால் ஆடலாம், சேவ் செய்ய முடியாது. தேவையானது மெமரி ஸ்டிக் டுவோ அல்லது ப்ரோ டுவோ. ஆரம்ப வேல்யூ பேக்கில் வந்த 32 எம்பி கார்டு சேவ்களுக்கு மட்டும் என்றால் இன்றும் போதும். டேட்டா இன்ஸ்டால் செய்ய அது போதாது.

புதிய மெமரி ஸ்டிக் தேடி அலைவதைவிட மைக்ரோ எஸ்டி கார்டை உள்ளே செருகும் அடாப்டர் நல்ல வழி. நம்பகமான நிறுவனத்தின் 32 ஜிபி கார்டு ஒன்றைப் போடுங்கள். அதைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல், பிஎஸ்பியிலேயே சிஸ்டம் செட்டிங்ஸில் இருக்கும் ஃபார்மட் வரியைப் பயன்படுத்துங்கள். தேவையான ஃபோல்டர்களை அதுவே உருவாக்கிக்கொள்ளும். செகண்ட் ஹாண்டாக வந்த மெமரி ஸ்டிக்கில் முந்தையவரின் சேவ்கள் இருக்கலாம். அழிக்கும் முன் அவருக்கு வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நூறு மணி நேர ஆட்டம் அதில் இருக்கக்கூடும்.

மாதம் ஒருமுறை யுஎஸ்பியில் இணைத்து, பிஎஸ்பி ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டா ஃபோல்டரைக் கணினிக்கு நகலெடுத்து வையுங்கள். பத்து நிமிட வேலை. அடாப்டர் ஒன்று திடீரென்று செத்தபோது நான் பிழைத்தது இந்தப் பழக்கத்தால்தான்.

படி 9: எதிலிருந்து தொடங்குவது

பிஎஸ்பியின் பலத்தோடு ஒத்துப்போகும் கேம்களை முதலில் எடுங்கள். லூமினெஸ் புதிர் கேம், திசைப் பட்டனும் இரண்டு பட்டன்களும் போதும், ஹெட்ஃபோன் போட்டு ஆட வேண்டும். பாட்டாபான் முழுக்கத் தாளம், நான்கு பட்டன்களும் நான்கு முரசு. லோகோரோகோவில் எல், ஆர் இரண்டையும் வைத்து உலகத்தையே சாய்க்கலாம். வைப்அவுட் ப்யூர் அந்த அகலத் திரைக்கென்றே பிறந்த பந்தயம், 1000 மாடலின் நிழல் இழுபடுதலும் இதில்தான் நன்றாகத் தெரியும். இந்த நான்கில் எதிலும் கேமராக் குறை குறுக்கே வராது. கை பழகியபின் பெரிய கேம்களுக்குப் போங்கள். நேரே முப்பரிமாண சண்டை கேமில் தொடங்கியவர்கள்தான் "கட்டுப்பாடு மோசம்" என்று இரண்டாம் நாளே கருவியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள்.

வைஃபை தேவைப்படாத நேரமெல்லாம் அதன் சுவிட்சை அணைத்து வையுங்கள். 1000-இல் அது இடதுபக்கம், 2000, 3000-இல் மேல்பக்கம். ஆட் ஹாக் ஏன் சேரவில்லை என்று தேடும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதே சுவிட்ச்தான்.

படி 10: எடுத்து வைக்கும்போது

சில மாதம் தொடப்போவதில்லை என்றால் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றித் தனியே வையுங்கள். முழுதாகத் தீர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால்தான் பேட்டரிகள் பெரும்பாலும் மீளாமல் போகின்றன. யுஎம்டியை டிரைவுக்குள் விடாமல் அதன் பெட்டியில் போடுங்கள், ஜன்னல் போன்ற திறந்த பக்கத்தில் தூசி சேரும். மறுபடி எடுக்கும் நாளில் பேட்டரியைச் செருகியதும் கருவி தேதியையும் நேரத்தையும் கேட்கும். பேட்டரி வெளியே இருந்ததால் கடிகாரம் நின்றுபோயிருக்கும், வேறொன்றும் இல்லை. நேரத்தைக் கொடுத்துவிட்டு ஒருமுறை பின்மூடியைத் தடவிப் பாருங்கள். தட்டையாக இருந்தால் சார்ஜில் போடலாம்.